மடிக்கணினிக்குள் பாட்டி

"மதர்போர்டு போச்சு. புதுசு வாங்கிக்குங்க."

கடைக்காரர் இப்படிச் சொன்னதும் எனக்குப் பாட்டி ஞாபகம்தான் வந்தது. கிள்ளான் வீட்டு வாசலில் உட்கார்ந்து, தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தைப் பற்றி அவர் பேசியதை இரண்டு மணி நேரம் பதிவு செய்திருந்தேன். அது இந்த மடிக்கணினியில் மட்டும்தான் இருந்தது. பாட்டி இப்போது இல்லை. வானொலியில் தினமும் ஒலிப்பதிவோடு மல்லுக்கட்டும் நான், இதற்கு ஒரு பிரதி எடுத்து வைக்கவில்லை. திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அண்ணன், "கொண்டு வா, பார்ப்போம்" என்றார். கார் இன்ஜின் போனால் பூட்டில் இருக்கும் பையும் போய்விடுமா என்பது அவர் கேள்வி.

பேட்டரியை எடுத்து, அடிப்பக்கத் திருகாணிகளைக் கழற்றியதும் உள்ளங்கை அளவில் ஹார்ட்டிஸ்க் வந்தது. இது 2.5 அங்குலம், மேசைக் கணினியில் இருப்பது 3.5. ஆனால் இரண்டும் சாட்டா வகை என்றால் செருகும் முனை ஒன்றேதான். மேசைக் கணினியின் மின்சாரத்தைத் துண்டித்து, பக்கத் தகட்டைத் திறந்து, டேட்டா கேபிளையும் பவர் கேபிளையும் செருகினார். மிகப் பழைய ஐடிஇ வகையாக இருந்தால் அடாப்டர் வேண்டும். பெட்டியைத் திறக்கப் பயந்தால் யுஎஸ்பி-சாட்டா கேபிள் வாங்கி வெளியிலிருந்தே இணைக்கலாம்.

"அண்ணே, பார்த்து..."

"நீ மைக்கைப் பிடி. இதை நான் பார்த்துக்கிறேன்."

திரையில் புதிய டிரைவ் ஒன்று தெரிந்தது. என் ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்றது. 'கன்டினியூ'வை அழுத்தியதும் வழிவிட்டது. கோப்புகள் பிரதியாகிக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணன் பாடம் எடுத்தார். ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேட்டால் 'கேன்சல்' கொடு. டக் டக்கென்று சத்தம் வந்தால் உடனே நிறுத்து. 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததே, அப்படி நனைந்த டிஸ்க் என்றால் காயவைத்துச் செருகிப் பார்க்காதே. தரவு மீட்பு நிபுணரிடம் கொடு. கல்பனா சாவ்லா பயணம் செய்த கொலம்பியா விண்ணோடம் 2003-இல் சிதறி விழுந்தது. அதிலிருந்து கிடைத்த கருகிய ஹார்ட்டிஸ்க் ஒன்றில் இருந்த தரவில் சுமார் 99 விழுக்காட்டை நிபுணர்கள் மீட்டார்கள்.

புதிய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு சுலபமில்லை. சிலவற்றில் சேமிப்புச் சில்லு மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். கணினி நன்றாக ஓடும்போதே எழுதி வையுங்கள்.

பிரதி முடிந்ததும் முதல் கோப்பைத் திறந்தேன். ஓர் இருமல். அப்புறம், "ஓடுதா அது?" என்று பாட்டி கேட்டார்.

அண்ணன் ஒலியைக் கூட்டினார்.