வலிக்கிறது என்று சொல்வது அவிசுவாசமா?

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் முன்பெல்லாம் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கொண்டுவருவார்கள். இப்போது உபதேசமும் சேர்ந்து வருகிறது. "பாசிட்டிவா இருங்க. வலிக்குதுன்னு வாயால சொல்லாதீங்க. விசுவாசம் இருந்தா நோய் தானா ஓடிடும்." இப்படிச் சொல்கிறவருக்குப் பெரும்பாலும் எந்த நோயும் இருப்பதில்லை. கேட்கிறவர்தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

இந்த உபதேசத்தை எதிர்த்துத்தான் எழுதுகிறேன். நானும் கிறிஸ்தவன், காலையும் மாலையும் செபம் சொல்கிறவன். நோயாளிக்கு மன உறுதி வேண்டும், நம்பிக்கை வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் வலியை மறைப்பதற்கு விசுவாசம் என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்கு மார்பில் கட்டி வந்து அறுவை சிகிச்சை ஆயிற்று. அதன் பிறகு மருந்து ஏற்றும் நாட்களில் கிளியூரிலிருந்து கிளம்பி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு இறங்குவோம். திரும்பி ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் அவளுக்குக் குமட்டும். அப்படி ஒரு நாள் வீட்டுக்கு வந்த ஒருவர், அவள் முனகுவதைக் கேட்டுவிட்டு, "மாத்திரையைக் குறைச்சுக்கிட்டு விசுவாசத்தைக் கூட்டுங்கம்மா" என்றார். அவள் கோபப்படவில்லை. "எங்க வலிக்குதுன்னு டாக்டர்கிட்ட சொன்னாத்தானே மருந்து குடுப்பாரு? ஆண்டவர்கிட்டயும் அதையேதான் சொல்றேன். அவருக்குத் தெரியாத சங்கதியா?" என்றாள். வந்தவர் காபியைக் குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

இவர்கள் வேதத்தைக் காட்டிப் பேசுவதால் முதலில் வேதத்தையே பார்ப்போம். யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள்தான். வாயைத் திறந்து, 'உன்னிடம் ஏதோ குறை இருக்கிறது' என்று விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் கடவுள் கோபித்தது, புலம்பித் தீர்த்த யோபுவை அல்ல, விளக்கம் சொன்ன நண்பர்களை. லாசரின் கல்லறை முன்னால் இயேசு அழுதார். கெத்சமனியில், இந்தத் துன்பக் கிண்ணம் அகலட்டும் என்று கேட்டார். தம் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி பவுல் மூன்று முறை மன்றாடினார், முள் போகவில்லை. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வார்களா?

150 திருப்பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடு. நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து முப்பது வருடங்களுக்கு மேல் மனுக்களைப் படித்தவன். 'எல்லாம் நலம், குறை ஒன்றுமில்லை' என்று எழுதிய மனு ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை. தீர்த்துவைப்பார்கள் என்ற நம்பிக்கை உள்ளவன்தான் மனு எழுதுவான். அந்த நம்பிக்கை போனவன் அலுவலகப் பக்கமே வரமாட்டான். கடவுளிடம் 'வலிக்கிறது' என்பதும் ஒரு மனுதான். அதில் என்ன அவிசுவாசம்?

"உன் விசுவாசமே உன்னைக் குணமாக்கிற்று என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே" என்பார்கள். சொல்லியிருக்கிறார். ஆனால் பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகள் நோயோடு கிடந்த மனிதரைக் குணமாக்கினபோது, குணமாக்கியவர் யார் என்றே அந்த மனிதருக்குத் தெரியாது. கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட முடக்குவாதக்காரரின் கதையில், தூக்கிவந்தவர்களின் விசுவாசத்தைத்தான் இயேசு கண்டார் என்று எழுதியிருக்கிறது. ஆகவே, நோயாளியின் விசுவாசத்தை அளந்து பார்க்கிற அன்பர்கள், தூக்கிவந்த தங்கள் தோளைத்தான் முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது உடம்பு. நம் சேர்வராயன் மலைக்குத் தெற்கே இருக்கும் கொல்லிமலையில், 1914-இல் ஒரு ஆங்கிலேய மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பிய காலம் அது. அவர் கவனித்துக் கண்டது வேறு. நோய் உணர்ச்சி நரம்புகளைக் கெடுத்துவிடுகிறது. சுட்டாலும் தெரியாது, குத்தினாலும் தெரியாது. வலி இல்லாததால் அந்தப் புண்ணோடேயே வேலை செய்கிறார்கள், நடக்கிறார்கள். புண் ஆழமாகி, சீழ் பிடித்து, விரல் போகிறது. வலிதான் உடம்பின் காவல்காரன் என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் சொன்ன பாடம்.

ஒருமுறை இங்கிலாந்தில் நீண்ட ரயில் பயணத்துக்குப் பிறகு, அவருடைய குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. நமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று இரவெல்லாம் தூங்கவில்லை. காலையில் மறுபடி குத்தினார், சுரீரென்று வலித்தது. அந்த வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். 1966-இல் அமெரிக்காவுக்குப் போன பிறகு, சர்க்கரை நோயால் மரத்துப்போன கால்களுக்கும் இதே பாடத்தைப் பயன்படுத்தினார். இதைப் படிப்பவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கிறதோ, அத்தனை பேரும் இன்றிரவு உள்ளங்காலைப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

மரத்துப்போன காலுக்கு நேர்வதுதான், 'வலிக்கிறது என்று சொல்லாதே' என்று அடக்கி வைத்த மனதுக்கும் நேர்கிறது. மலைமேல் இருக்கிற நமக்கு இது இன்னும் ஆபத்து. காபித் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிற பெண் ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பஸ் செலவு செய்துதான் சேலத்துக்கு இறங்க வேண்டும். ஏற்கனவே தயங்குகிறவளிடம் 'விசுவாசமாயிரு, சரியாகிவிடும்' என்று சொன்னால் அவள் போகவே மாட்டாள். அந்த ஒரு மாதத் தாமதத்துக்கு உபதேசம் செய்தவர் பொறுப்பேற்பாரா?

அற்புதம் இல்லை என்று நான் சொல்லவில்லை. புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். வில்லியனூர் லூர்து மாதா கோயிலுக்குச் சிறுவயதிலிருந்தே போய்வருகிறவன். ஆனால் பிரான்சில் உள்ள அந்த லூர்து நகரத்திலேயே நடைமுறை என்ன? 1883 முதல் அங்கே மருத்துவர்கள் உட்கார்ந்து, குணமானதாகச் சொல்கிறவர்களின் கோப்புகளை ஆராய்கிறார்கள். 7,000-க்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். திருச்சபை அற்புதம் என்று ஏற்றவை 70-ஐச் சற்றே தாண்டும். அவ்வளவு நிதானம். மாதாவைக் கண்ட பெர்னதெத்துக்கே ஆஸ்துமா. பிறகு எலும்புருக்கி நோய். 1879-இல் 35 வயதில் இறந்துபோனார். 1933-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்றது. நோய் தீராததை யாரும் அவருக்குக் குறையாக எழுதவில்லை. மருத்துவரை மதிக்கச் சொல்லி நம் கத்தோலிக்க வேதாகமத்தில் சீராக் ஞானநூல் 38-ஆம் அதிகாரம் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்கள் அதை ஒருமுறை படிக்கட்டும்.

அப்படியானால் துன்பத்தில் நல்ல மனநிலை என்பது எது? இரண்டு பெண்களைச் சொல்கிறேன். பால் பிராண்டின் தாயார் ஈவ்லின் அம்மையார். 1929-இல் கணவர் கொல்லிமலையிலேயே காய்ச்சலில் இறந்தார். அம்மையார் உடைந்துபோனார், ஆனாலும் திரும்பி வந்தார். ஏறக்குறைய 70 வயதில் மிஷன் ஓய்வு கொடுத்த பிறகு, தாமாகவே மறுபடி மலையேறி, குதிரை மேல் ஊர் ஊராகப் போய்ப் பணி செய்தார். 1974-இல் 95 வயதில் காலமானார்.

இன்னொருவர் கேரளத்தில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் கார் விபத்தில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அந்த இருட்டை அவர் மறைத்ததில்லை. பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டியெழுப்பினார். 1972-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கால் திரும்பி வரவில்லை. விசுவாசமும் போகவில்லை. இந்த இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அழுதார்கள், பிறகு எழுந்து வேலையைப் பார்த்தார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் கஷ்டத்தில் இருப்பவரிடம் 'போன் குராஜ்' என்பார்கள். நல்ல தைரியம் உண்டாகட்டும் என்று அர்த்தம். எதிரில் இருப்பது கஷ்டம்தான் என்று ஒப்புக்கொண்ட பிறகே அந்த வார்த்தை வாயில் வரும். அதனால் அது எனக்குப் பிடிக்கும்.

ஆகவே அன்பர்களே, நோயாளி வீட்டுக்குப் போகும்போது உபதேசத்தை வாசலில் செருப்போடு விட்டுவிடுங்கள். "ரொம்ப வலிக்குதா?" என்று கேளுங்கள். பதிலை முழுவதும் கேளுங்கள். அடுத்த தடவை எப்போது ஆஸ்பத்திரி என்று கேட்டு, கூட ஒரு ஆள் வரலாமா என்று பாருங்கள். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டுபோய் மருந்து வாங்கி வாருங்கள். அவர் விரும்பினால் சேர்ந்து ஒரு செபம் சொல்லுங்கள், சுருக்கமாக. கூரையைப் பிரித்தவர்கள் யாரும் பிரசங்கம் செய்ததாக வேதத்தில் இல்லை. தூக்கிக்கொண்டு போனார்கள்.