1 டிபி வாங்கினால் 931 ஜிபிதான் காட்டுவது ஏன்? மீதி எங்கே போச்சு?

பட்டாசு லேபிள், காலண்டர் டிசைன் என்று பெரிய கோப்புகள் குவியும் சிவகாசி, தாயில்பட்டி வட்டாரத்தில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் அவசியமான பொருள். ஆனால் 1 டிபி டிஸ்க்கை விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினால் 931 ஜிபிதான் காட்டும். கடைக்காரர் ஏமாத்திட்டாரா? இல்லை.

எண்ணும் முறையில்தான் வித்தியாசம்

1,200 பட்டாசு பாக்கெட்டைப் பத்துப் பத்தாகக் கட்டினால் 120 கட்டு. டஜன் கணக்கில் கட்டினால் 100 கட்டு. சரக்கு குறையவில்லை, கட்டுதான் பெருசு. இங்கேயும் அதே கதைதான்.

தயாரிப்பாளர் கணக்கில் 1 ஜிபி என்பது 100 கோடி பைட். 1 டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸோ ஆயிரத்துக்குப் பதில் 1,024-ஆல் பெருக்கிப் போகிறது. அதன் கணக்கில் 1 ஜிபி என்பது சுமார் 107.37 கோடி பைட். ஒரு லட்சம் கோடியை இதால் வகுத்தால் வருவதுதான் 931.

அளவு கூடக் கூட இடைவெளியும் கூடும்:

• 64 ஜிபி: சுமார் 59 ஜிபி
• 500 ஜிபி: சுமார் 465 ஜிபி
• 2 டிபி: சுமார் 1.81 டிபி

யார் சொல்வது சரி?

கிலோ என்றால் ஆயிரம் என்பதே சர்வதேச அலகு முறை. 1,024 கணக்குக்கு கிபி, மெபி, கிபி-பைட் போன்ற தனிப் பெயர்களை சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-லேயே கொண்டுவந்தது. விண்டோஸ் இன்னும் பழைய பெயரிலேயே காட்டுகிறது. ஆப்பிள் 2009-ல் மேக் கம்ப்யூட்டரை ஆயிரம் கணக்குக்கு மாற்றிவிட்டது. அதனால் அதே டிஸ்க் மேக்கில் 1 டிபி என்றே தெரியும். அமெரிக்காவில் இதற்காக வழக்கே நடந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் 2006-லும், சீகேட் 2007-லும் சமரசம் செய்துகொண்டன.

போனில் கதை வேறு. அங்கே இடத்தைப் பிடிப்பது பெரும்பாலும் ஆண்ட்ராய்டு அல்லது ஐஓஎஸ் சிஸ்டமும், கூடவே வரும் ஆப்களும்தான்.

எப்போது உஷாராகணும்?

1 டிபி டிஸ்க் 931 காட்டினால் கவலை வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ் கிடைத்தால்தான் சந்தேகம் வரணும். போலி டிரைவ்கள் கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும். உண்மையான இடம் நிரம்பியதும் கோப்புகள் பாழாகும். டிரைவ் முழுவதும் எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கும் இலவச மென்பொருள்கள் உண்டு. முக்கியமான கோப்புகளை ஏற்றும் முன்பே சோதித்துவிடுங்கள். போலி என்று தெரிந்தால் பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.