மலையேறும் பக்தியும் மதியிழந்த அவசரமும்

இமயத்துக் கோயில்களைக் கண்டு வரவேண்டும் என்ற வேட்கை இந்நாட்டுத் தமிழரிடையே வளர்ந்து வருகிறது. தோட்டத்திலே நாற்பதாண்டு பால்மரம் வெட்டி ஓய்ந்த தந்தைக்கும், பட்டணத்திலே கடை நடத்திப் பிள்ளைகளை ஆளாக்கிய தாய்க்கும், "சாவதற்குள் ஒருமுறை கேதாரநாதரைப் பார்த்துவிட்டால் போதும்" என்ற ஆசை இருக்கிறது. அவ்வாசையை நாம் இகழவில்லை. வாழ்நாளெல்லாம் பிறருக்காகவே உழைத்த உடம்பு, கடைசியிலே தனக்கென ஒன்றை விரும்புமாயின், அதைக் குறைகூற எவருக்கு உரிமையுண்டு? நாம் கண்டிப்பது ஆசையை அன்று. அவ்வாசையை மூலதனமாக்கி நடத்தப்படும் அவசரத்தையே கண்டிக்கிறோம். "குறைந்த நாள், குறைந்த செலவு, நிறைந்த புண்ணியம்" என்று கூவி அழைப்போரையும், "மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்" என்று முதியோரை வழியனுப்பி வைப்போரையும் கண்டிக்கிறோம்.

இடத்தின் தன்மையை முதலில் அறிவோம். பத்ரிநாதமும் கங்கோத்திரியும் கடல் மட்டத்திற்கு மேல் பதினாயிரம் அடிக்கு அதிகமான உயரத்தில் உள்ளவை. யமுனோத்திரி ஏறத்தாழ 10,800 அடி; கேதாரநாதம் ஏறத்தாழ 11,750 அடி. அமர்நாதக் குகையோ 12,700 அடியையும் கடந்தது. கயிலையைச் சுற்றி வருவோர் தாண்டவேண்டிய டோல்மா கணவாய் 18,000 அடிக்கும் மேற்பட்டது. குளிர் தாங்காமல் நாம் கம்பளி தேடும் கேமரன் மலையின் தானா ராத்தா ஏறத்தாழ 4,700 அடியே. கேதாரம் அதைப்போல் இரண்டரை மடங்கு உயரம்!

அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரு பங்களவே. ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த விகிதத்திலேயே குறைகிறது. அக்குறையை ஈடுசெய்ய நுரையீரலும் இருதயமும் விரைந்து உழைக்கின்றன. உடம்பு இந்நிலைக்குப் பழக நாட்கள் வேண்டும். பழகுமுன் ஏறினால் தலைவலியும், குமட்டலும், தலைச்சுற்றலும், உறக்கமின்மையும் தோன்றும். அவற்றையும் பொருட்படுத்தாது மேலும் ஏறினால், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம், மூளை வீங்கலாம், உயிரே போகலாம். முன்னரே இருதய நோயோ, இரத்த அழுத்தமோ, நீரிழிவோ உடையாருக்கு ஆபத்து இன்னும் பெரிது. எட்டாயிரம் அடிக்கு மேல் இந்நோய் எவரையும் பற்றலாம். பக்தன், பகுத்தறிவாளன் என்ற வேற்றுமை அதற்கில்லை.

கால்நடையும் ஆகாய மார்க்கமும்

நம் முன்னோர் இதை அறியாதவரா? மோட்டார்ச் சாலை ஏற்படாத காலத்திலே, யாத்திரிகர் ரிஷிகேசத்திலிருந்து கால்நடையாகவே புறப்பட்டனர். வழியிலே 'சட்டி' எனப்பட்ட தங்குமிடங்கள் இருந்தன. சில மைல் நடப்பது, தங்குவது, சமைத்துண்பது, மறுநாள் மீண்டும் நடப்பது என வாரக்கணக்கில் யாத்திரை நடந்தது. அன்று இடர்கள் பல இருந்தன என்பது மெய்யே. ஆயினும் உயரத்துக்கு உடம்பைப் பழக்கும் மருந்து அந்தத் தாமதத்திலேயே இருந்தது. இன்றைய வைத்திய சாஸ்திரமும் அதையே விதியாக்கியிருக்கிறது: பதினாயிரம் அடிக்கு மேல் சென்றபின், முதல்நாள் இரவு உறங்கிய இடத்தைவிட 1,600 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் மறுநாள் இரவு உறங்கலாகாது, மூன்று நான்கு நாட்களுக்கொருமுறை ஒருநாள் முழு ஓய்வு வேண்டும்.

இன்று நாம் செய்வதென்ன? அடிவாரத்திலிருந்து ஹெலிகாப்டரில் ஏறிச் சில நிமிடங்களில் கேதாரத்தில் இறங்குகிறோம். கால்நடையாகச் செல்வோரும் கௌரிகுண்டத்திலிருந்து பத்து மைல் தூரத்தை, ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட ஏற்றத்தை, ஒரே நாளில் முடித்துவிடத் துடிக்கின்றனர். பாட்டன் வாரக்கணக்கில் ஏறிய மலையைப் பேரன் நிமிடக்கணக்கில் ஏறுகிறான். இருவர் மார்புக்குள்ளும் இருப்பது ஒரேவகை இருதயந்தானே!

இதன் விளைவைக் கணக்குப் பார்ப்போம். 2022-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய நான்கு தல யாத்திரையில், முதல் ஒரு மாத அளவிலேயே நூற்றுக்கு மேற்பட்ட யாத்திரிகர் மாண்டனர். பெரும்பாலோர் இருதயம் நின்றே மாண்டனர். ஹெலிகாப்டரும் ஆபத்துக்கு அப்பாற்பட்டதன்று. 2022 அக்டோபர் 18-இல் கேதாரத்தின் அருகே ஒன்று விழுந்து எழுவர் இறந்தனர். 2025 ஜூன் 15-இல் மற்றொன்று விழுந்து மீண்டும் எழுவர் இறந்தனர். அவர்களுள் ஒரு குழந்தையும் இருந்தது.

வானத்தையும் மறக்கலாகாது. 2013 ஜூன் 16, 17 தேதிகளில் பெருமழை கொட்டிக் கேதாரத்தின் மேலிருந்த சோராபாரி ஏரி உடைந்தது. உத்தராகண்டத்தில் அவ்வெள்ளத்தில் இறந்தோரும் காணாமற் போனோரும் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர். 1996 ஆகஸ்டில் அமர்நாத வழியில் பனிப்புயலில் சிக்கி இருநூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். அதை ஆராய்ந்த நிதீஷ் சென்குப்தா குழு யாத்திரைக்குக் கட்டுப்பாடு வேண்டுமென்றது. இன்று அமர்நாதம் செல்வோர் உடல்நலச் சான்றிதழ் காட்டியாக வேண்டும். அத்தனை உயிரை விலையாகக் கொடுத்து வாங்கிய பாடம் அது. அப்பாடத்தை இலவசமாகக் கற்கவும் நமக்கு மனமில்லையா?

சொல்லப்படும் சமாதானங்கள்

"உண்மைப் பக்தனைப் பனி என்ன செய்யும்?" என்பர் சிலர். இதற்கு விடையைப் பெரியபுராணத்திலேயே காணலாம். திருநாவுக்கரசர் கயிலையைக் காணப் புறப்பட்டார். பாதம் தேய்ந்தது; கைகளால் ஊர்ந்தார்; மார்பும் தேய்ந்தது; உருண்டார்; உடம்பு முற்றும் சிதைந்தது. அவரினும் பெரிய பக்தர் நம்முள் யார்? அவரையும் மலைவழி வருத்தவே செய்தது. முனிவர் வடிவில் வந்த இறைவன், "திரும்பிப் போம்" என்றே முதலிற் சொன்னான். அரசர் மீள மறுத்தார் என்பது மெய்யே. ஆயினும் அருள் எவ்வாறு வந்தது? மேலே ஏற்றியா விட்டது? இல்லை, ஒரு பொய்கையில் மூழ்கச் செய்து, காவிரிக்கரைத் திருவையாற்றிலே எழுப்பி, அங்கே கயிலைக் காட்சியைத் தந்தது. சம்பந்தரும் சுந்தரரும் திருக்கேதாரத்தைப் பாடியதும் திருக்காளத்தியில் இருந்தபடியே என்கிறது அதே நூல். கேதாரத்தில் கால் வைக்காத அவ்விருவருக்கும் பக்தி குறைவென்று எவரேனும் நாக்கூசாமல் சொல்வரோ?

அதுமட்டுமன்று. தீபாவளியை ஒட்டிக் கேதாரக் கோயிலை அடைத்தபின், உற்சவ மூர்த்தியைப் பல்லக்கில் ஏற்றிக் கீழே உகீமடத்துக்குக் கொண்டுவந்து, குளிர்காலம் முழுவதும் அங்கேயே வழிபடுகின்றனர். பருவமறிந்து இறைவனையே கீழிறக்கும் வழக்கம் இருக்கும்போது, மூச்சு முட்டும் மனிதன் கீழிறங்குவதிலா மானம் போய்விடும்?

"அங்கே இறந்தால் மோட்சம்" என்பர் வேறு சிலர். இச்சொல்லைவிடக் கொடிய சொல் இல்லை. அதைச் சொல்பவர் தம் தாயை முதலில் அனுப்பத் துணிவாரா? அயல்நாட்டு மலையிலே அப்பனைப் பறிகொடுத்து, உடலை ஊருக்குக் கொண்டுவர வழியறியாது தவிக்கும் பிள்ளையின் முன்னே நின்று இதைச் சொல்வாரா?

"நாள் கூடினால் செலவு கூடுமே, ஏழை என்செய்வான்?" என்பதொன்றே மதிக்கத்தக்க கேள்வி. கூடும், ஐயமில்லை. அதற்கு விடை நாட்களைக் குறைப்பதன்று, தலங்களைக் குறைப்பது. நான்கைக் காண வசதியில்லையேல் ஒன்றைக் காண்போம். இவ்வாண்டு இயலாதேல் இன்னும் ஓராண்டு சேர்த்துச் செல்வோம்.

செய்யத் தக்கவை

புறப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே வைத்தியரிடம் உடம்பைக் காட்டுக. உண்ணும் மருந்துகளைச் சொல்லுக. மலைநோய்க்கு முன்மருந்து வேண்டுமா என்பதையும் அவரிடமே கேட்டறிக. நாள்தோறும் நடக்கப் பழகுக. பத்துமலையின் 272 படிகளை நிற்காமல் ஏற இயலாதவர், கேதாரப் பாதையில் தம் கால் என் சொல்லும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கட்டும்.

மலைச்சரிவு மிகுந்த ஜூலை, ஆகஸ்டு மழைக்காலத்தை விலக்குக. யாத்திரைக்குக் குறைந்தது ஏழு நாளேனும் ஒதுக்குமாறு உத்தராகண்ட அரசே அறிவுறுத்தியிருக்கிறது. கடல்மட்டத்தில் வாழும் நம்மவர் அதனினும் கூட்டிக்கொள்வதே அறிவு. அடிவார ஊர்களில் இரவு தங்கித் தங்கி ஏறுக. மதுவையும் தூக்க மாத்திரையையும் அறவே விலக்குக. தலைவலியும் குமட்டலும் கண்டால் மறைக்காதீர், மேலே ஏறாதீர். ஓய்ந்தும் தணியாவிடில், அல்லது மூச்சுத் திணறலோ தடுமாற்றமோ கண்டால், அந்நேரமே கீழிறங்குக. அதுவே முதல் மருந்து.

அழைத்துச் செல்பவரிடம் பணம் கொடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். வழியில் எத்தனை இரவு தங்குகிறோம்? பிராணவாயு உருளையும் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவரும் உடன் வருவரா? ஒருவர் பாதியில் திரும்பினால் அவருக்குத் துணையாக யார் இறங்குவார்? இவற்றுக்குத் தெளிவான விடை கூறாதவர் கையில் ஒரு காசும் கொடாதீர். ஆலயக் குழுக்களும் சங்கங்களும் தாமே ஆட்களைத் திரட்டி அனுப்புமாயின், இக்கேள்விகளுக்கு எழுத்திலே விடை பெறுவது அவற்றின் கடமை.

தமிழ்ப் பெருமக்காள்! பாதியில் திரும்பி வந்தவரைப் பார்த்து, "கொடுத்து வைக்கவில்லை" என்று நாம் கூறும் அந்த ஒரு சொல்லே பல முதியோரைத் தலைவலியோடும் மேலே ஏறச் செய்கிறது. அச்சொல்லை இன்றோடு விடுவோம். கேதாரம் எங்கும் ஓடிவிடாது; அடுத்த சித்திரை வைகாசியில் அதன் கதவு மீண்டும் திறக்கும். திரும்பி வந்த தாய் அன்றும் உயிரோடிருப்பாள். அவளை மீண்டும் அழைத்துச் செல்லலாம்.