கடலடிப் புல்லும் கரையோர அடுப்பும்

பிழைப்புத் தேடி ஊரைவிட்டு வந்த நமக்குக் கடலடிப் புல்லைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். இராமநாதபுரம், புதுக்கோட்டை, தூத்துக்குடிக் கரைகளிலிருந்து வந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஊரில் வலை காய்ந்தால் இளைஞன் ரயிலேறுகிறான். ஆகவே இது நம் பேச்சுத்தான்.

கடற்புல் பாசி அன்று. வேர்விட்டு, பூத்து, விதை தரும் செடி. பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும், வெயில் அடிமண்ணைத் தொடும் ஆழமில்லாக் கடலில், வயல்போலப் படர்ந்து கிடக்கிறது. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் அதில் ஒளிந்து வளர்கின்றன. அதன் வேர் சேற்றைப் பிடித்து நிறுத்துகிறது. இலை அலையைத் தணிக்கிறது. கரியமில வாயுவை உண்டு, கரியை மண்ணுக்குள் புதைக்கிறது. நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் மேயும் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கு இதுவே மேய்ச்சல் நிலம்.

இந்த வயலை வேரோடு பெயர்ப்பது எது? அடிமண்ணை வாரிச் செல்லும் இழுவை மடி! இறால் ஏற்றுமதியின் லாபம் சிலருக்கு. வெறும் வலை நாட்டுப்படகுக்காரருக்கு. எதிர்க்கரையில் வலை அறுபட்டு நிற்பவரும் தமிழ் மீனவரே என்பதை நாம் மறக்கலாகாது.

சட்டம் இல்லாமல் இல்லை. கரையோரக் கடலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கிய சட்டம் 1983-லேயே வந்தது. அது ஏட்டில் இருக்கிறது. மடி கடலில் இருக்கிறது. இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்ற 2017-இல் வந்த திட்டம், 2,000 படகு என்ற இலக்கை எட்டவில்லை. 2022-இல் தமிழக அரசு தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது. வரவேற்கிறோம்.

ஆனால் காவல் என்ற பெயரில் தூண்டில்காரரையும், பாசி எடுக்கும் பெண்களையும் விரட்டினால் அது நியாயமாகாது. விசைப்படகில் கூலிக்கு மடி இழுப்பவரும் உழைப்பாளியே. அவருக்கு மாற்று வேலை தராமல் மடியை மட்டும் பறித்தால் அவரும் நாளை நம்மோடு ரயிலேறுவார்.

கரையோரச் சட்டத்தை நடைமுறைப்படுத்துக! படகுத் தொழிலாளருக்கு மாற்று வழி தருக! காப்பகத்தின் நிர்வாகத்தில் மீனவருக்கு இடம் தருக! விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் குடும்பங்கள் இக்கோரிக்கைகளைக் கரையிலும் எடுத்துச் சொல்லட்டும். புல் இருந்தால் மீன் இருக்கும். மீன் இருந்தால் ஊர் இருக்கும்.