தொடையா, கையா? கையெழுத்துக்கு முன்னாடி சொல்லுங்க!

மாமனாருக்கு இங்கே போபாலில்தான் ஆஞ்சியோபிளாஸ்டி ஆச்சு. நெஞ்சுவலி அடங்கிடுச்சு, காலையில் ஸ்டென்ட் வைக்கலாம்னு சொல்லி, ராத்திரி ஒரு கத்தைக் காகிதத்தை நீட்டினாங்க. எல்லாம் இந்தியும் இங்கிலீஷும். அவருக்குத் தமிழ் தவிர எதுவும் வாசிக்க வராது. நான் விரல் வைத்துக் காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். (கையெழுத்து வாங்குறதுதானே நமக்குத் தொழில்!) குழாய் தொடை வழியா போகுமா, கை வழியா போகுமா? அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

தொடையில் போட்டாங்க. சாயங்காலம் உள்ளே ரத்தம் கசிஞ்சு, இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் கறுத்துப் போச்சு. ரத்தம் ஏத்தி, கூடுதலா நாலு நாள் படுக்கை. "கையில் பண்ணியிருக்கலாமே டாக்டர்?" என்றேன். "நான் எப்பவும் தொடையிலதான் பண்றது" என்றார்.

அந்த 'எப்பவும்' மேலதான் எனக்குக் கோபம்.

மணிக்கட்டில் நாடி பிடிச்சுப் பார்ப்போமே, அந்த ரத்தக்குழாய்தான் கை வழி. தோலுக்கு அடியிலேயே, எலும்பு மேல இருக்கு. கசிஞ்சா கண்ணுக்குத் தெரியும், அழுத்தினா நிற்கும். அடைச்சுக்கிட்டாலும் பக்கத்திலேயே இன்னொரு குழாய் உள்ளங்கைக்கு ரத்தம் கொடுக்கும். தொடைக்குழாய் ஆழத்தில் இருக்கு. வயிற்றுக்குப் பின்பக்கம் கசிஞ்சா வெளியே தெரியவே தெரியாது.

இது நேத்து வந்த சமாச்சாரம் இல்லைங்க. மான்ட்ரியாலில் காம்போ என்ற மருத்துவர் 1989லேயே மணிக்கட்டு வழியா ஆஞ்சியோகிராம் செஞ்சு எழுதிட்டார். ஆம்ஸ்டர்டாமில் கீமெனெய் 1992ல் அதே வழியில் ஆஞ்சியோபிளாஸ்டி செஞ்சார். 2011ல் வந்த ரைவல் ஆய்வில் 32 நாடுகள், 7,021 நோயாளிகள். குழாய் போட்ட இடத்தில் பெரிய சிக்கல் வந்தது தொடையில் 3.7 சதவீதம், கையில் 1.4. 2015ல் மேட்ரிக்ஸ் ஆய்வில் 8,404 பேர். இறந்தவங்க தொடையில் 2.2 சதவீதம், கையில் 1.6. அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகளின் 2021 வழிகாட்டுதலும் கைக்குத்தான் முன்னுரிமை கொடுக்குது.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிடறேன். கைக்குழாய் சின்னது, சுருங்கிக்கும், சிலருக்கு வளைஞ்சு நெளிஞ்சு போகும். ரைவலில் கையில் ஆரம்பிச்ச 7.6 சதவீதம் பேருக்கு வழியை மாத்த வேண்டி வந்தது. பெரிய கருவி நுழைக்கணும்னா தொடைதான். டயாலிசிஸ் நோயாளிக்குக் கைக்குழாயைக் காப்பாத்தணும். மாரடைப்பு நோயாளிகளை வைத்து 2020ல் வெளியான சஃபாரி ஆய்வில் இறப்பில் வித்தியாசமே தெரியலை. அதனால தொடையில் போடற டாக்டரெல்லாம் தப்பு செய்றார்னு நான் சொல்லலை. "உங்களுக்குத் தொடை, காரணம் இது" என்று சொல்லுங்க என்கிறேன். "எனக்குப் பழக்கம்" என்பதுதான் காரணம்னா அதையும் சொல்லுங்க. கை பழகின டாக்டரிடம் போகலாமான்னு நாங்க முடிவு பண்ணிக்கிறோம்.

நான் வங்கிக்காரன். 50 ஆயிரம் ரூபாய் தனிநபர் கடன் கொடுத்தாலும் 'முக்கிய விவர அறிக்கை' கொடுக்கணும். வட்டி, கட்டணம் எல்லாம் அதில் இருக்கணும். கடன் வாங்குறவருக்குப் புரியற மொழியில் இருக்கணும், விளக்கிச் சொல்லணும், புரிஞ்சதுன்னு ஒப்புதல் வாங்கணும். 2024ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது. கடனுக்கே இவ்வளவு இருக்கு, இதயத்துக்கு இல்லையா?

சட்டம் இல்லைன்னும் சொல்ல முடியாது. 2008ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு: சிகிச்சை முறை, மாற்று வழிகள், முக்கியமான அபாயங்கள் எல்லாம் சொல்லி வாங்கினால்தான் அது சம்மதம். ஸ்டென்ட் விலையை 2017ல் கட்டுப்படுத்தி, பில்லில் தனியாகக் காட்டச் சொன்னாங்களே, அதே மாதிரி சம்மதப் படிவத்தில் மூணே வரி கேட்கிறேன். எந்த வழி? ஏன்? அந்த டாக்டர் இரண்டு வழியிலும் எத்தனை செஞ்சிருக்கார்? அதுவும் நோயாளி வாசிக்கிற மொழியில்.

மூணாம் நாள் மாமனார் கேட்டார்: "மாப்பிள்ளை, நான் கையெழுத்துப் போட்டேனே, அதுல இது எழுதியிருந்துச்சா?"

இல்லை மாமா. நானும் கேட்கலை. நீங்களாவது கேளுங்க மக்களே.

பி.கு.: மாரடைப்பு வந்து துடிச்சுக்கிட்டு இருக்கும்போது தொடையா கையான்னு வாசலில் நின்னு வாதாடாதீங்க. அப்போ ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். நான் சொல்றது நாள் குறிச்சுச் செய்யற கேஸுக்கு.