வருபவர்களுக்குத் தனி வழி வையுங்கள்

அலுவலகத்திற்கு யாராவது வந்தால் தண்ணீர் கொடுப்போம், காபி வேண்டுமா என்று கேட்போம். இப்போது அந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. வந்தவர் நாற்காலியில் அமர்ந்தவுடன், "சார், வைஃபை பாஸ்வேர்ட் என்ன?" என்கிறார். நாமும் தயங்காமல் சொல்லிவிடுகிறோம். சில இடங்களில் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, வரவேற்பு மேஜையிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

இது உபசரிப்பு அல்ல. தண்ணீர் கேட்டவரிடம் பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுப்பதற்குச் சமம் என்பது என் கருத்து.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? வைஃபை பாஸ்வேர்ட் என்பது இன்டர்நெட்டுக்கு மட்டுமான சாவி என்று பலர் எண்ணுகின்றனர். அப்படி இல்லை. அந்த பாஸ்வேர்டைக் கொடுத்து உள்ளே வரும் எந்த போனும் லேப்டாப்பும் உங்கள் அலுவலக நெட்வொர்க்கின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. கணக்குப் பிரிவு கம்ப்யூட்டரில் அனைவருக்கும் பொதுவாகத் திறந்து வைத்துள்ள போல்டர், பிரிண்டர், கண்காணிப்பு கேமரா ரெக்கார்டர் ஆகிய எல்லாம் அதே நெட்வொர்க்கில்தான் இருக்கின்றன.

"வருபவர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். ஆள் தெரிந்தவராக இருக்கலாம். அவருடைய லேப்டாப்பில் என்ன இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. 2017ஆம் ஆண்டு மே மாதம் சுமார் 150 நாடுகளைப் பாதித்த 'வான்னாக்ரை' வைரஸை நினைத்துப் பாருங்கள். ஒரு கம்ப்யூட்டரில் புகுந்ததும், விண்டோஸின் பைல் பகிர்வு வசதியில் இருந்த ஓட்டை வழியாக, அதே நெட்வொர்க்கில் இருந்த மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் அது தானாகவே பரவியது. யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவை இருக்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் பைலை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் பதியாதவர்கள் மாட்டிக் கொண்டார்கள். நல்ல மனிதர் ஒருவர் கொண்டு வரும் லேப்டாப்பே இதற்குப் போதும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருமுறை சொன்ன பாஸ்வேர்டைத் திரும்ப வாங்க முடியாது. அவர் போனில் அது பதிந்துவிடும். அந்த போனிலிருந்து கியூஆர் கோடாக அடுத்தவருக்கும் போகும். மாற்றலாம் என்றால் பிரிண்டர், கேமரா, வருகைப் பதிவு மெஷின், ஊழியர்களின் கம்ப்யூட்டர்கள் என எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும். இந்த வேலைக்குப் பயந்து யாரும் மாற்றுவதே இல்லை.

இதற்குத் தீர்வு என்ன?

பெரும்பாலும் நீங்கள் ஒரு ரூபாய் கூடச் செலவழிக்க வேண்டியதில்லை. இன்று கிடைக்கும் பல ரௌட்டர்களில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்ற வசதி உள்ளது. ஒரே ரௌட்டரில் இருந்து இரண்டாவது பெயரில் இன்னொரு வைஃபை கிடைக்கும். அதன் வழியாக வருபவர் இன்டர்நெட்டுக்குப் போகலாம். உங்கள் கம்ப்யூட்டர்கள் பக்கம் வர முடியாது.

அமைப்பது எளிது. ரௌட்டரின் அடியில் ஒட்டியுள்ள லேபிளைப் பாருங்கள். 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்பது போன்ற முகவரி இருக்கும். அதை பிரவுசரின் அட்ரஸ் பாரில் டைப் செய்து என்டர் தட்டவும். யூசர் நேம், பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே சென்று, வயர்லெஸ் பிரிவில் கெஸ்ட் நெட்வொர்க்கை இயக்கவும். தனிப் பெயரும் தனி பாஸ்வேர்டும் கொடுங்கள். பாதுகாப்பு வகையில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 தேர்ந்தெடுக்கவும். விருந்தினர்கள் உள் நெட்வொர்க்கை அணுகலாம் என்ற பொருளில் ஓர் ஆப்ஷன் இருந்தால், அதில் டிக் அடையாளம் இருக்கவே கூடாது. வந்த வேலையில் ரௌட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

அடுத்து, சோதித்துப் பாருங்கள். ஏனெனில் சில மோடம்களில் இரண்டாவது பெயர் மட்டும்தான் கிடைக்கும், பிரிப்பு இருக்காது. அது ஒரே வீட்டுக்கு இரண்டு பெயர்ப் பலகை மாட்டியது போலத்தான். உங்கள் போனை முதலில் அலுவலக வைஃபையில் இணைத்து, பிரிண்டரின் ஐ.பி. முகவரியை பிரவுசரில் கொடுங்கள். பிரிண்டரின் பக்கம் திறக்கும். பிறகு கெஸ்ட் வைஃபைக்கு மாறி அதையே செய்து பாருங்கள். இப்போதும் திறந்தால் தடுப்புச் சுவர் இல்லை என்று பொருள்.

இந்த வசதி இல்லாத பழைய ரௌட்டர் என்றால், இரண்டாவது ரௌட்டர் ஒன்று வாங்கலாம். இங்கு பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். புதிய ரௌட்டரைப் பழையதன் பின்னால் இணைத்து, அதை விருந்தினருக்குக் கொடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் விருந்தினர் வெளியே போகும் வழியே உங்கள் நெட்வொர்க் வழியாகத்தான். எனவே முன்னால் உள்ளதை விருந்தினருக்கு விட்டுவிட்டு, பின்னால் உள்ள புதிய ரௌட்டரில் அலுவலகத்தை வைத்துக் கொள்ளுங்கள். திண்ணை முன்னால், அறை பின்னால் என்று நினைவில் வைத்தால் போதும்.

பூட்டாத கெஸ்ட் வைஃபை வேண்டாம்

"தனியாகப் பிரித்தாகிவிட்டது, இனி பாஸ்வேர்ட் எதற்கு?" என்று சிலர் அதைத் திறந்தே விடுகின்றனர். இது ஆபத்து. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சற்று முன் ஊடகங்களுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் பாதுகாப்பற்ற வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்த மின்னஞ்சலுக்குப் பயன்பட்டது, மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபை. போலீசார் முதலில் போய் நின்றது இந்த இணைப்புகளின் சொந்தக்காரர்களிடம்தான். வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக அமைக்க வேண்டும் என்று 2009ல் மத்திய தொலைத்தொடர்புத் துறை அறிவுறுத்தியது.

கெஸ்ட் நெட்வொர்க்கானாலும் வெளி உலகுக்குத் தெரியும் ஐ.பி. முகவரி உங்களுடையதே என்பதை மறக்க வேண்டாம். எனவே பாஸ்வேர்ட் கட்டாயம். மாதம் ஒருமுறை அதை மாற்றுங்கள். இதில் உங்கள் சாதனம் எதுவும் இணைந்திருக்காது என்பதால், மாற்றுவது ஒரு நிமிட வேலைதான். யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதை வருகைப் பதிவேட்டில் தேதியுடன் குறித்து வையுங்கள். அலுவலகம் மூடும் நேரத்தில் அதை நிறுத்திவிடுங்கள்.

வீட்டிலேயே டியூஷன், தையல், கணக்கு எழுதுதல் என்று தொழில் செய்பவர்களுக்கும் இது பொருந்தும். வருபவருக்கு இல்லை என்று சொல்ல வேண்டாம். தாராளமாகக் கொடுங்கள், ஆனால் தனி வழியில் கொடுங்கள். உங்கள் ரௌட்டரில் இந்த வசதி உள்ளதா என்று இன்றே திறந்து பாருங்கள்.