அளவும் உணர்வும்

ஓடுதல் உயிர்களுக்கு இயல்பாய் அமைந்த தொழில். கன்று பிறந்த அன்றே துள்ளி ஓட முயல்கின்றது. குழந்தை நடை பழகிய சில நாளில் ஓடத் தலைப்படுகின்றது. அவற்றுக்கு எவருங் கணக்குக் கற்பிப்பதில்லை. மனிதன் நிலத்தை மைல் என்றும் மீற்றர் என்றுங் கூறு செய்து, காலத்தை விநாடியாகவும் விநாடியின் பத்திலொன்றாகவும் பகுத்த பின்னரே ஓட்டத்துக்குக் கணக்கு வந்தது. கணக்கு வந்த நாள்தொட்டு ஒரு வழக்கும் உடன் வந்தது. ஓடுபவன் தன் மூச்சையுங் காலையுங் கேட்டு ஓடுதல் வேண்டுமா, கடிகாரத்தைக் கேட்டு ஓடுதல் வேண்டுமா என்பதே அவ்வழக்கு. இஃது ஓட்டக்காரர்க்கு மாத்திரம் உரியதன்று. கற்பிக்குந் தொழில் பூண்ட நமக்கும் இதில் ஒரு பங்குண்டு. ஆதலின் இவ்வாரம் இதனை எடுத்துக்கொண்டேன்.

இன்று இவ்வழக்கு முன்னையினும் முற்றியிருக்கின்றது. மணிக்கட்டிற் கட்டுஞ் சிறு கருவியொன்று செய்மதிகளின் துணைகொண்டு, ஓடிய தூரத்தையும், ஒவ்வொரு கிலோமீற்றருக்குஞ் சென்ற நேரத்தையும், இருதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடித்தது என்பதையும் உடனுக்குடன் காட்டுகின்றது. என் மாணாக்கரிற் சிலர் விடியற்காலையில் ஓடிவிட்டு வகுப்புக்கு வருபவர். "இன்று ஓட்டம் எப்படி?" என்று வினவினால், "நன்றாக இருந்தது, ஐயா" என்றோ "களைத்துப்போனேன், ஐயா" என்றோ விடை கூறுவார் சிலரே. மற்றையோர் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்த பின்னரே வாய் திறக்கின்றனர். தன் உடம்பு பட்டதைத் தன் உடம்பிடங் கேளாது கருவியிடங் கேட்டறியும் இந்நிலை எனக்கு வியப்பைத் தந்தது. ஆயினும் ஆராயாது பழித்தல் முறையன்று. ஆதலின் ஓட்டக்கலையின் வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்த்தேன்.

அளவின் கட்சியை முதலிற் கேட்போம். அக்கட்சியின் தலைமகன் பின்லாந்து தேசத்துப் பாவோ நூர்மி. 1920, 1924, 1928 ஆகிய மூன்று ஒலிம்பிக் விழாக்களிலும் ஒன்பது தங்கப் பதக்கங்களையும் மூன்று வெள்ளிப் பதக்கங்களையும் பெற்றவர். கையிலே நிறுத்தற் கடிகாரம் ஏந்தி ஓடியவர். பக்கத்தில் ஓடுபவன் முந்தினாலும் பிந்தினாலும் அவர் கலங்குவதில்லை; தாம் வகுத்த நேரத்தின்படியே சுற்றுக்களை ஓடி முடிப்பார். எதிரியின் சூழ்ச்சிக்கும் தம் மனத்தின் பதற்றத்துக்கும் இடங்கொடாமைக்கு அக்கடிகாரம் அவர்க்குக் காப்பாயிற்று.

உணர்வின் கட்சி சுவீடனில் எழுந்தது. நூர்மியின் நாட்டவரிடந் தோற்றுத் தோற்று மனம் நொந்த அந்நாட்டவர்க்கு, கொஸ்தா ஹொல்மர் என்னும் பயிற்றுநர் 1930களில் ஒரு புதிய வழி காட்டினார். அதற்கு அவர்கள் மொழியில் இட்ட பெயர் 'வேக விளையாட்டு' எனப் பொருள்படும். ஓடுகளத்தை விட்டுக் காட்டு வழியிற் செல்வது. ஏற்றங் கண்டவிடத்து முயல்வது. மூச்சு வாங்கினால் தளர்வது. உள்ளம் எழுந்தபோது பாய்வது. இவ்வாறு காட்டிலும் பனியிலும் ஓடிப் பழகிய சுவீடன் வீரர் குண்டர் ஹேக் 1945 ஆம் ஆண்டில் ஒரு மைலை 4 நிமிடம் 1.4 விநாடியில் ஓடினார். அவ்வளவைக் கடக்க உலகத்துக்கு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சென்றன.

இரு கட்சியும் வென்றிருக்கின்றன. அங்ஙனமாயின் தீர்ப்பு யாது? அவ்வொன்பது ஆண்டுகளின் முடிவில் நிகழ்ந்த ஓட்டத்தையே சான்றாக அழைக்கலாம். 1954 ஆம் ஆண்டு மே 6 ஆந் திகதி ஒக்ஸ்போட் நகரில், ரொஜர் பனிஸ்டர் என்னும் மருத்துவ மாணவர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி, நான்கு நிமிடமென்னும் எல்லையை முதன்முதல் உடைத்தார். இதனை யாவரும் அறிவர். அவ்வோட்டத்தின் முதற் சுற்றில் நடந்தது அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. அவருக்கு முன்னே வேகங் காட்டி ஓடியவர் நண்பர் கிறிஸ் பிறாஷர். சில நாள் ஓய்ந்திருந்த காரணத்தாற் பனிஸ்டரின் கால்கள் அன்று இலேசாயிருந்தன. ஓட்டம் மந்தமாகச் செல்கின்றது என்று அவர்க்குத் தோன்றியது. "இன்னும் வேகம்!" என்று கூவினார். பிறாஷர் தம் வேகத்தை மாற்றவில்லை. முதற் சுற்று முடிந்தபோது கண்ட நேரம் 57.5 விநாடி. சுற்றொன்றுக்கு அறுபது விநாடி போதும் என்றிருக்க, அதனினும் விரைந்தே ஓடியிருக்கின்றனர். பனிஸ்டரின் உணர்வு அவரை ஏமாற்றியது. நண்பர் அதற்கு இணங்கி விரைந்திருப்பின் இருவரும் இடைவழியிலே களைத்திருப்பர். உற்சாகத்தில் உணர்வு பொய் சொல்லும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

ஆயின் அதே பனிஸ்டரின் கதையில் எதிர்ச் சான்றும் இருக்கின்றது. அதற்குச் சில வாரங்களின் முன், கால் மைலைப் பத்து முறை இடைவிட்டு ஓடும் பயிற்சியில், ஒவ்வொன்றும் 61 விநாடி என்னும் அளவோடு அவர் நின்றுவிட்டார். எவ்வளவு முயன்றும் குறையவில்லை. கணக்கை நம்புபவன் இன்னும் முயல்க என்பான். அவரோ கடிகாரத்தைத் துறந்து, பிறாஷருடன் ஸ்கொத்லாந்து மலைகளில் ஏறித் திரிந்து சில நாட் கழித்தார். மீண்டு வந்தபின் அதே பயிற்சியில் நேரம் 59 விநாடியாயிற்று. அளவு முட்டி நின்ற கதவை ஓய்வு திறந்தது. எப்போது ஓய்தல் வேண்டும் என்பதை எந்தக் கடிகாரமும் அவர்க்குச் சொல்லவில்லை.

நூர்மியையும் மீண்டும் நோக்குவோம். 1924 ஆம் ஆண்டு ஜூலை 10 ஆந் திகதி பாரிசில் 1500 மீற்றர் இறுதி ஓட்டத்தை வென்ற அவர், அன்றே 5000 மீற்றர் இறுதி ஓட்டத்துக்கும் இறங்கினார். அவர் களைத்திருப்பார் என எண்ணிய எதிரிகள் தொடக்கத்திலேயே மிகு வேகம் எடுத்தனர். இனித் தாம் ஓடுவது கடிகாரத்தோடு அன்று, மனிதரோடு என்பதை உணர்ந்த நூர்மி, கையிலிருந்த கடிகாரத்தைப் புற்றரையில் எறிந்துவிட்டு ஓடினார், வென்றார். அளவின் தலைமகனே அளவை எறிய வேண்டிய வேளையை அறிந்திருந்தார் என்பதைக் கவனித்தல் வேண்டும்.

எறிய வேண்டிய வேளையை அறியாதார்க்கு நேர்வது யாது? அதே 1954 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7 ஆந் திகதி, கனடாவிலுள்ள வான்கூவர் நகரில் நடந்த பொதுநலவாய நாடுகளின் விளையாட்டு விழாவில், ஜிம் பீற்றர்ஸ் என்னும் ஆங்கிலேய வீரர் மரதன் ஓடினார். உலகச் சிறந்த நேரத்தை நான்கு முறை குறைத்தவர் அவர். அன்று வெயில் கொடியது. குளிர் நாட்டிற் பழகிய கடுவேகத்தை அவர் அவ்வெயிலிலும் விடவில்லை. அடுத்தவருக்கு ஏறத்தாழ 17 நிமிடம் முன்னதாக அரங்கினுட் புகுந்தார். சற்றே தளர்ந்து ஓடியிருப்பினும் வென்றிருப்பார். அரங்கினுள்ளே விழுந்தார், எழுந்தார், மீண்டும் மீண்டும் விழுந்தார். எல்லைக் கோட்டை அடையவே இல்லை. உயிர் தப்பியது, ஆனால் அதன்பின் அவர் போட்டிகளில் ஓடவில்லை.

இதனை எழுதும்போது என் கை தயங்குகின்றது. என்னிடத்தும் ஒரு குற்றம் உண்டு. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு என் இல்லத்து மாணவனொருவனை 1500 மீற்றர் ஓட்டத்துக்கு ஆயத்தஞ் செய்தேன். முந்திய ஆண்டுகளின் சிறந்த நேரம் என் குறிப்புப் புத்தகத்தில் இருந்தது. பையன் அதற்கு நான்கு விநாடி பின்னே நின்றான். ஒரு பிற்பகல், பங்குனி வெயிலில், நிறுத்தற் கடிகாரத்தோடு ஓடுகளத்தின் ஓரத்தில் நின்று சுற்றுத்தோறும் நேரத்தைக் கூவினேன். மூன்றாஞ் சுற்றில் அவன் கால் பின்னத் தொடங்கியதாக உடன் நின்ற மாணவர் பின்னர் சொன்னார்கள். நான் கண்டிலேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது கடிகாரத்தின் முள்ளை. "நாலு விநாடி, தம்பி, நாலே விநாடி!" என்று கூவினேன். கடைசி வளைவில் அவன் விழுந்தான். வேப்பமர நிழலிற் கிடத்தி, தண்ணீர் தெளித்து, ஈரத்துணி சுற்றினோம். காலையிலிருந்து அவன் ஒன்றும் உண்டிலன் என்பது அப்போதுதான் தெரிந்தது. கண்ணைத் திறந்தவன் தாயைக் கேட்கவில்லை, தண்ணீரைக் கேட்கவில்லை. "எத்தனை, சேர்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியை அவனுக்குக் கற்பித்தவன் நான். அவன் இன்று நலமே இருக்கின்றான். எனினும் அச்சொல் இன்னும் என் செவியை விட்டு நீங்கவில்லை.

வெப்பம் மிக்க வேளையில் உடம்பு தன்னைக் குளிர்வித்தற்பொருட்டுக் குருதியைத் தோலுக்கு அனுப்புகின்றது. அதனால் அதே வேகத்துக்கு இருதயம் மிகுதியாகத் துடிக்கின்றது. குளிர் நாட்டார் தமக்கென வகுத்த பயிற்சி அட்டவணையை யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் எழுத்துப் பிசகாமற் பின்பற்றும் பிள்ளை, எண்ணால் ஒன்றையும் உடம்பால் வேறொன்றையும் செய்கின்றான். அட்டவணை அவனை அறியாது. அறிய வேண்டியவர் பக்கத்தில் நிற்கும் ஆசிரியர்.

உணர்வு வெறும் மயக்கம் என்று தள்ளுவார்க்கும் ஒரு சொல். சுவீடன் உளவியலறிஞர் குன்னார் போர்க், முயற்சியின் கடுமையை முயல்பவனே சொல்லும்படி 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். அவன் சொல்லும் எண்ணைப் பத்தாற் பெருக்கினால், நலமுள்ள இளைஞரிடத்து, அது நாடித் துடிப்புக்கு ஏறத்தாழ ஒத்து வரும் என்பது அதன் அமைப்பு. ஆகவே பழகிய உணர்வும் ஓர் அளவுகருவியே. பழகாத உணர்வுதான் பொய் சொல்லும்.

இது நமக்குப் புதிய செய்தியன்று. வெண்பாப் பயிலும் மாணாக்கன் முதலிற் சீரையுந் தளையையும் விரல்விட்டு எண்ணுகின்றான். எண்ணாது பாடப் புகுந்தவன் தளை தட்டுதலை அறியான். எண்ணி எண்ணிப் பழகியவனுக்கோ, நாளடைவிற் செவியே கணக்காகின்றது. தளை தட்டினால் விரலுக்கு முன் செவி நோகின்றது. இறுதிவரை விரல்விட்டே எண்ணுபவன் யாப்பிற் பிழைசெய்யான், புலவனும் ஆகான். மாத்திரைக்கு அளவு கூற வந்த தொல்காப்பியரும் கண்ணிமைப்பையும் கைந்நொடியையுமே காட்டினார். அளவு முதலில் உடம்பிலிருந்தே எடுக்கப்பட்டது.

ஆகவே என் முடிபு இது. அளவு உணர்வுக்கு ஆசிரியன், எசமானன் அன்று. கடிகாரத்தை எறிந்துவிடுக என நான் கூறேன், கற்பிக்கட்டும். ஓடிமுடித்த பிள்ளையிடம், கருவியைப் பார்க்குமுன் நேரத்தை ஊகித்துச் சொல்லச் செய்க. ஊகமும் உண்மையும் நாளுக்கு நாள் நெருங்கி வருதலே பயிற்சியின் பயன். கிழமையில் ஒரு நாளாயினும் கருவியின்றி ஓடவிடுக. குறிப்புப் புத்தகத்தில் தூரமும் நேரமும் எழுதுமிடத்துக்குப் பக்கத்தே, உடம்பு எப்படியிருந்தது என்பதற்கும் ஒரு நிரலை ஒதுக்குக.

புள்ளிகளையுந் தரங்களையும் குறித்தே நம் நாட்கள் கழிகின்றன. அவை வேண்டாதன அல்ல. ஆயினும் புள்ளியேட்டைக் கையில் ஏந்தி நிற்கும் ஒவ்வோர் ஆசிரியரையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. அடிக்கடி தலை நிமிர்ந்து, ஓடிவரும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.